பன்னிரண்டு மணி நேர விதியும் ஒரு காப்ஸ்யூலும்

அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர் மருத்துவ அலுவலர். அவருக்கு வலப்பக்கம், மின்விசிறிக் காற்று நேராகப் படும் நாற்காலியில், டிப்போ மேலாளர். மேஜைக்கு எதிரே, கைப்பிடி இல்லாத நாற்காலியில், என் நாத்தனார். கதவோரம் சின்ன மேஜையில், நடப்பதைக் குறிப்பெடுக்க, நான். ஓட்டுநரும் குறிப்பெடுப்பவரும் உறவினர் என்பதைப் பதிவு செய்யும்படி மேலாளர் சொன்னார். அதுதான் முதல் வரி.

என் நாத்தனார் பேருந்து ஓட்டுநர். வயது ஐம்பத்து மூன்று, சர்வீஸ் இருபத்திரண்டு வருடம். எங்கள் டிப்போவில் ஸ்டீயரிங் பிடித்த முதல் பெண் அவள்தான். குரல் காரணமாக டிப்போவில் அவளுக்கு ஹாரன் என்று பெயர். வீட்டில் என் கணவருக்கு, அதாவது அவளுடைய அண்ணனுக்கு, அவள் இன்னமும் பாப்பா. எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். அவள் கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருடத்தில் மூன்று மாதம் கரையில் இருந்தால் அதிகம்.

விசாரணைக்கு வந்த விஷயம் இது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பதினேழாம் நம்பர் பேருந்தை ஓட்டிக்கொண்டிருந்தவள், பாலத்துக்கு முந்தின நிறுத்தத்தில் வண்டியை ஓரம் கட்டிவிட்டாள். ஹேண்ட் பிரேக் போட்டாள், எஞ்சினை அணைத்தாள், பயணிகளைப் பின்னால் வந்த வண்டியில் ஏற்றிவிடும்படி கண்டக்டரிடம் சொன்னாள், டிப்போவுக்குப் போன் செய்தாள். எல்லாம் முறைப்படி. ஆனால் மாற்று ஓட்டுநர் வந்து இருக்கையைப் பார்த்தபோது அதில் ரத்தம் இருந்தது. ‘ஓட்டுநருக்கு உடல்நலக் குறைவு’ என்று கண்டக்டர் எழுதிய தாள் தட்டச்சுக்காக என்னிடம்தான் வந்தது. ஒரே வீட்டில் இருந்தும் ரத்தம் பற்றி எனக்கு அதுவரை ஒன்றும் தெரியாது.

மாதவிலக்கு நின்று மூன்று வருடம் ஆனவளுக்கு ரத்தம் எங்கிருந்து வந்தது என்று மருத்துவ அலுவலர் கேட்டார். எட்டு மாதமாக ஹார்மோன் மருந்து எடுத்துவருவதாக அவள் சொன்னாள். வாரத்துக்கு இரண்டு முறை இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் பேட்ச். அதோடு ஒரு காப்ஸ்யூல். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். இந்த வயதில் ரத்தப்போக்கு என்றால் சும்மா விட முடியாது என்றார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. அதற்கு மேல் சொன்னதுதான் என் பேனாவை நிறுத்தியது.

“மருந்தை நிறுத்திட்டு வாங்க. இல்லைன்னா கருப்பையை எடுத்துட்டு வாங்க. ரெண்டும் முடியாதுன்னா டிக்கெட் கவுன்ட்டர்தான். நல்ல வேலைம்மா, உட்கார்ந்தே பார்க்கலாம்.”

“நான் இப்பவும் உட்கார்ந்துதான் சார் பார்க்கறேன்” என்றாள் நாத்தனார். “மருந்தை நிறுத்தினா எனக்குத் தூக்கம் கிடையாது. தூங்காத டிரைவரை நம்பி வண்டியைக் கொடுப்பீங்களா?”

மேலாளர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது நாள் அவகாசம் என்று முடிவானது. அதுவரை அவள் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது. பயணிகள் தவறவிட்ட பொருள்கள் வைக்கும் அறையில் இருக்க வேண்டும். அறுபதாம் நாள் இதே அறையில் இரண்டாம் அமர்வு. அன்று தகுதிச் சான்று கிடைக்காவிட்டால் கவுன்ட்டர் நிரந்தரம்.

பேட்ச் அவளுக்கு எதைத் திருப்பிக் கொடுத்தது என்பதை நான் கண்ணால் பார்த்தவள். அதற்கு முந்தின இரண்டு வருடம் அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. தலையில் யாரோ வெந்நீர்க் குடத்தைக் கவிழ்த்தது போல் திடீரென்று வேர்க்கும். ராத்திரியில் மூன்று தடவை உடை மாற்றுவாள். ஒருநாள் கண் அசந்து சிவப்பு விளக்கைப் பார்க்கத் தவறினாள். கண்டக்டர் கத்தியதால் தப்பித்தாள். அன்றைக்கே அவளாகவே பெண்கள் நோய் பார்க்கும் டாக்டரம்மாவிடம் போனாள். பேட்ச் ஒட்டிய ஆறாவது வாரம் மாடியிலிருந்து குறட்டை கேட்டது. என் கணவர் மேலே கை காட்டி, பாப்பா பழையபடி ஆயிட்டா என்றார். ஆக, மருந்து இல்லாமல் அவளால் ஓட்ட முடியாது; மருந்தோடு ஓட்டினால் ரத்தம் விடாது. முட்டுச் சந்தில் பேருந்தைக் கொண்டுபோய் நிறுத்தின மாதிரிதான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, இதற்கு முன்னாலும் வந்ததா என்று கேட்டேன். வந்தது என்றாள். எத்தனை தடவை? பத்து இருக்கும். டாக்டரம்மாவிடம் சொன்னாயா? இரண்டாம் மாதம் சொன்னாளாம். ஆரம்பத்தில் மூன்று நான்கு மாதம் அப்படி இப்படி இருக்கும், ஆறு மாதத்துக்கு மேல் போனால் உடனே வர வேண்டும் என்றாராம் டாக்டரம்மா. ஆறு மாதம் தாண்டியதும் இவள் போகவில்லை. போனால் பேட்சைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம்.

எந்தெந்தத் தேதி என்று கேட்டேன்.

“தேதியெல்லாம் யாரு அண்ணி பார்த்தா? ஒரு தடவை நாப்பத்திரண்டு ஓட்டினேன், கண்டக்டர் புதுசு, சில்லறைக்கு முழிச்சிட்டிருந்தான். இன்னொரு தடவை பதினேழு. வைப்பர் வேலை செய்யலை, செம மழை.”

மற்றவர்கள் நாட்காட்டியில் வைத்திருப்பதை இவள் வண்டி எண்ணிலும் கண்டக்டர் முகத்திலும் வைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. நான் படித்தது சிறு ஊர்ப் பள்ளிக்கூடம். கடிதம் எழுதுவதைத் தவிர அங்கே உருப்படியாக எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் அதை ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தார்கள். எந்தப் புகாரானாலும் முதலில் தேதிகளைத் திரட்டு, பிறகு வாயைத் திற என்பது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி. டிப்போவில் கடிதப் பிரிவு அலமாரிச் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. எட்டு மாத டூட்டித் தாள்களும் அதற்குள். மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, நகல் எடுத்து வந்தேன்.

ஞாயிறு மத்தியானம் கூடத்துத் தரையில் முப்பத்து நான்கு வாரங்களை வரிசையாகப் பரப்பினேன். நாத்தனார் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக நினைவு கூர்ந்து சொல்லச் சொல்ல, நான் சிவப்புப் பென்சிலால் குறித்தேன். சில்லறைக்கு முழித்த கண்டக்டரின் முதல் நாள் இன்ன தேதி. வைப்பர் பழுது என்று பணிமனைக்கு எழுதிக் கொடுத்தது இன்ன தேதி. என் கணவர் தேநீரோடு வந்தார். எட்டிப் பார்த்தார். என்ன கணக்கு என்று கேட்க வாயெடுத்தவர், தங்கை தொண்டை கிழியச் சொன்ன அடுத்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டு, டம்ளர்களைச் செருப்பு அலமாரி மேல் வைத்துவிட்டுத் தெருவுக்குப் போய்விட்டார். சொந்தமாக மூக்குக் கண்ணாடிக் கடை வைத்து லென்ஸ் தேய்க்கிறவர். அடுத்தவர் பார்வையைச் சரி செய்வார். இந்த மாதிரி விஷயம் வந்தால் தன் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்.

பத்தில் ஒன்பது தடவைக்குத் தேதி கிடைத்தது. எழுந்து நின்று பார்த்தேன். எங்கள் டிப்போவில் டூட்டி சுற்று மூன்று வாரம். முதல் இரண்டு வாரம் காலை, ஐந்தரை மணிக்கு வண்டி எடுக்க வேண்டும். மூன்றாம் வாரம் மதியம், ஒரு மணிக்கு. ஒன்பது சிவப்புக் குறியும் முதல் காலை வாரத்தின் செவ்வாய், புதன், வியாழனில் இருந்தன. இரண்டாம் காலை வாரத்தில் ஒன்றுகூட இல்லை. மதிய வாரத்திலும் இல்லை.

நாத்தனாருக்கும் புரிந்துவிட்டது. ரயில் மாதிரி டயத்துக்கு வருதே அண்ணி என்றாள்.

இங்கே நான் செய்த மடத்தனத்தையும் எழுதிவிட வேண்டும். முதல் காலை வாரத்தில் மட்டும் அப்படி என்ன என்று யோசித்தேன். அந்த வாரம் அவளுக்கு அதிகமாக விழுவது பதினேழாம் நம்பர். அந்தத் தடத்துக்கு ஒரு கிழட்டு வண்டி உண்டு; வேகத் தடையில் ஏறினால் ஓட்டுநர் தலை கூரையில் இடிக்கும். கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்து, பணிமனை மேஸ்திரிக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினேன். இருக்கைச் சுருள் தளர்ந்திருப்பதால் பெண் ஓட்டுநரின் உள்ளுறுப்புகள் பாதிக்கப்படுவதாக, அட்டவணையோடு.

மறுநாளே பதில் வந்தது, நான்கு வரி. மேற்படி இருக்கையின் சுருள் சென்ற மாதம்தான் மாற்றப்பட்டது. மேற்படி வண்டியை ஓட்டும் மற்ற ஓட்டுநர்களின் உள்ளுறுப்புகள் நலமாக உள்ளன, அவர்களிடமே கேட்டறியப்பட்டது. தங்கள் கடிதம் பணிமனை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஒட்டத் தேவையே இருக்கவில்லை. கேட்டறியப்பட்ட விதத்திலேயே டிப்போ முழுக்கச் செய்தி பரவிவிட்டது. தவறவிட்ட பொருள்கள் அறையில் குடைகளை அடுக்கிக்கொண்டிருந்தவளிடம், சுருள் எப்படி இருக்கு என்று இரண்டு பேர் விசாரித்திருக்கிறார்கள். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மாடிப்படியில் இறங்கும்போது என்னைப் பார்த்தால் சுவரைப் பார்த்தாள். மூன்றாம் நாள் நான்தான் ஏறிப் போனேன்.

“தப்பு என்னுதுதான். ஆனா குறி தப்பில்லை. இந்த அட்டவணை டாக்டரம்மாகிட்டப் போயே ஆகணும். நீ வரலைன்னா நான் மட்டும் எடுத்துட்டுப் போவேன்.”

“பேட்சை எடுத்துடுவாங்க அண்ணி.”

“எடுத்தா எடுக்கட்டும். உள்ள என்ன இருக்குன்னு தெரியாம ஒட்டிக்கிட்டே இருக்கப் போறியா?”

திரும்பக் கிடைத்த தூக்கம் மறுபடி போய்விடுமோ என்பதுதான் அவள் பயம் என்று எனக்குத் தெரியும். அவள் எழுந்து, அலமாரியிலிருந்து நல்ல புடவையை எடுத்தாள்.

டாக்டரம்மாவின் அறையில் இரண்டு நாற்காலி, ஒரு திரை, திரைக்குப் பின்னால் உயரமான கட்டில். நான் அட்டவணையை மேஜையில் விரித்தேன். நோயாளிகள் கொண்டுவரும் எத்தனையோ தாளைப் பார்த்தவர், இதைப் பார்த்ததும் தன் காகிதங்களைத் தள்ளிவிட்டு இடம் செய்தார். டூட்டிச் சுற்றை விளக்கச் சொன்னார். விளக்கினேன். விரலால் ஒன்பது குறியையும் தொட்டுக்கொண்டே போனார். சுருள் கதை என் வாய் வரை வந்து திரும்பிவிட்டது.

பிறகு அவர் கேட்டது நான் எதிர்பார்த்த கேள்வி அல்ல. காப்ஸ்யூல் வீட்டில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேட்டார்.

நாத்தனார் கைப்பையைத் திறந்து பட்டைகளை எடுத்து வைத்தாள். வைத்துக்கொண்டே இருந்தாள். எழுதிக் கொடுத்ததில் மூன்றில் இரண்டு பங்கு, பிரிக்கப்படாத பட்டைகளாக.

விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. எங்கள் போக்குவரத்துக் கழகத்தில் ஒரு விதி உண்டு. தூக்கம் தரும் எந்த மருந்தையும் வண்டி எடுப்பதற்கு முந்தைய பன்னிரண்டு மணி நேரத்துக்குள் உட்கொள்ளக் கூடாது. மீறினால் வேலை போய்விடும். காப்ஸ்யூலை எழுதிக் கொடுத்தபோது டாக்டரம்மா சொன்னது, தினமும் படுக்கும்போது போடுங்க, நல்லா தூக்கம் வரும் என்பதுதான். பெட்டி மேலும் அப்படித்தான் எச்சரிக்கை அச்சாகியிருந்தது. பேட்ச்தான் மருந்து, காப்ஸ்யூல் தூங்க வைக்க மட்டும் என்று இவள் முடிவு செய்துகொண்டாள். ஒன்பது மணிக்குக் காப்ஸ்யூல் போட்டால் காலை ஐந்தரைக்கு எட்டரை மணி நேரம்தான் ஆகியிருக்கும். ஆகவே காலை டூட்டி வாரங்களில் போடுவதில்லை. மதிய வாரத்தில் மட்டும், ஏழு நாள், ஒழுங்காகப் போடுவாள். பேட்ச் ஒட்டியதும் தூக்கம் தானாக வந்துவிட்டதால், எதற்கு வீணாக என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, விதியை ஒருநாள்கூட மீறியதில்லை என்றும் சேர்த்துச் சொன்னாள், பாராட்டுக்குக் காத்திருப்பவள் போல.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

“பேட்ச் கருப்பையோட உள்சுவரை வளர்த்துக்கிட்டே போகும்மா. அதை வளரவிடாம பிடிச்சு வைக்கிறதுதான் இந்தக் காப்ஸ்யூலோட வேலை. தூக்கம் வர்றது பக்க விளைவு. ஒண்ணு ஆக்சிலேட்டர், ஒண்ணு பிரேக். நீங்க பிரேக்கைக் கழட்டி வீட்ல வச்சுட்டு எட்டு மாசமா ஓட்டிட்டிருக்கீங்க.”

நாத்தனார் என்னைப் பார்த்தாள். பிறகு பட்டைகளைப் பார்த்தாள்.

ஏழு நாள் போட்டுவிட்டுச் சனிக்கிழமையோடு நிறுத்தினால், இரண்டு மூன்று நாள் கழித்து உள்சுவர் கொஞ்சம் உதிரும்; அதுதான் செவ்வாய்க்கிழமை ரத்தம் என்று டாக்டரம்மா விளக்கினார். காரணம் தெரிந்துவிட்டது என்பதால் இத்தோடு விட முடியாது, இத்தனை நாள் பிரேக் இல்லாமல் வளர்ந்த சுவர் எப்படி இருக்கிறதென்று பார்த்தாக வேண்டும் என்றார். பிறகு ஒன்று சொன்னார். அந்தக் காப்ஸ்யூல் எதற்கு என்று அன்றைக்கே தான் சொல்லியிருக்க வேண்டும், தூக்கம் வரும் என்று மட்டும் சொல்லி அனுப்பியது தன் தவறு. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்காமல் விட்டதும்தான். டாக்டர் ஒருவர் எனக்கு எதிரில் உட்கார்ந்து இப்படிச் சொன்னதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. தேதி போட்டுக் குறித்துக்கொண்டேன்.

அன்றே ஸ்கேன். உள்சுவர் பதின்மூன்று மில்லிமீட்டர். அதில் பாதிகூட இருக்கக் கூடாது என்றார் டாக்டரம்மா. திரைக்குப் பின்னால் மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டுத் துளி சதையைப் பரிசோதனைக்கு எடுத்தார்கள். ஒரு நிமிஷ வலி. கட்டிலிலிருந்து இறங்கி வந்தவள், பார்க்கிங் பிரேக்கை இழுத்த மாதிரி இருந்தது அண்ணி என்றாள். சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

முடிவு வரப் பத்து நாள். அந்தப் பத்து நாளில் அவள் தவறவிட்ட பொருள்கள் அறையைத் தலைகீழாக்கிவிட்டாள். குடைகளை நீளப்படி அடுக்கினாள். ஒற்றைச் செருப்புகளுக்கு ஜோடி தேடினாள். பெயர் எழுதியிருந்த ஒவ்வொரு பைக்கும் சொந்தக்காரரைத் தேடிப் போன் செய்தாள். ஏழு வருடம் முன்பு பல்செட்டைத் தொலைத்த ஒருவரையே கண்டுபிடித்துக் கொடுத்தாள். அவர் வேறு செட் கட்டிக்கொண்டாகிவிட்டது என்று வாங்க மறுத்துவிட்டார். வீட்டில் மாடியில் குறட்டை நின்றுபோயிற்று. பேட்ச் இடுப்பில்தான் இருந்தது. என் கணவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ராத்திரி படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

பதினோராம் நாள் காலை முடிவு வாங்கப் போனோம். உள்ளே அழைத்தபோது நாத்தனார் என் மணிக்கட்டைப் பிடித்தாள். கியர் போடுகிற கை. எலும்பு நொறுங்குகிறதோ என்றிருந்தது. டாக்டரம்மா தாளைத் திருப்பி எங்கள் பக்கம் வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னார். செல்கள் பெருகியிருக்கின்றன. ஆனால் முறை தவறிப்போன செல் ஒன்றுகூட இல்லை. புற்றுநோய் இல்லை. இன்னும் சில காலம் அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. இப்போது பிடித்துவிட்டதால் மருந்திலேயே சரியாகும். கருப்பையை எடுக்க வேண்டியதில்லை.

“பேட்ச்?” என்றாள் நாத்தனார்.

“இருக்கட்டும். பிரேக்கைத்தான் மாத்தப் போறேன்.”

டி எழுத்து மாதிரி சின்னதாக ஒரு சாதனம். கருப்பைக்குள்ளேயே வைத்துவிட்டால், காப்ஸ்யூல் செய்ய வேண்டிய வேலையை அங்கேயே இருந்து வருடக்கணக்கில் செய்யும். மருந்து வேலை செய்ய வேண்டிய இடத்திலேயே கசிவதால் தூக்கக் கலக்கம் வராது. காலை டூட்டியா மதிய டூட்டியா என்று அதற்குக் கவலை இல்லை. முதல் சில மாதம் லேசாகத் திட்டுத் திட்டாக ரத்தம் படலாம், பயப்பட வேண்டாம். ஆறு மாதத்தில் மறுபடி ஒரு பரிசோதனை. அன்றைக்கே வைத்துவிட்டார்கள்.

வெளியே வந்தால், வாசல் பெஞ்சில் என் கணவர். கடையைப் பாதி நாளில் பூட்டியிருக்கிறார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. எங்களைக் கண்டதும் எழுந்தார், கேட்கத் தெரியாமல் நின்றார்.

“ஒண்ணுமில்லைண்ணா. கருப்பை நல்லா இருக்கு” என்றாள் அவள், ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கக் கேட்கும்படி. நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். இந்த முறை அவர் எங்கும் போகவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நன்றாகவே தெரிகிற கண்ணாடியை வெகு நேரம் துடைத்தார்.

அறுபதாம் நாள் அதே அறை, அதே நான்கு நாற்காலி. மருத்துவ அலுவலர் முன்னால், கவுன்ட்டருக்கு மாற்றும் உத்தரவு தட்டச்சாகித் தயாராக இருந்தது. தட்டச்சு செய்தவள் நான்தான். கையெழுத்து இடம் மட்டும் காலி. நாத்தனார் டாக்டரம்மாவின் கடிதத்தையும், பரிசோதனை முடிவையும், என் அட்டவணையையும் வைத்தாள். குறிப்பெடுப்பவர் பேசக் கூடாது என்பதால் நான் பேசவில்லை. அட்டவணையில் என்ன என்று அவர் கேட்டபோது அவளே விளக்கினாள். காலை வாரம், மதிய வாரம், பட்டை, பன்னிரண்டு மணி நேரம்.

மேலாளர் இருமினார். அந்த விதியை ஒன்பது வருடம் முன்பு எழுதியது மருத்துவ அலுவலரேதான். விதிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்து இருக்கிறது. அறையில் இருந்த நால்வருக்கும் அது தெரியும்.

“உங்க விதியை ஒருநாள்கூட நான் மீறலை சார்” என்றாள் அவள். “மருந்தைத்தான் விட்டேன். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முட்டினா என்ன செய்யணும்னு அதுல எழுதலை.”

அவர் அட்டவணையை மறுபடி பார்த்தார். விதிப் புத்தகத்தை வரவழைத்துப் படித்தார், வேறு யாரோ எழுதியதைப் படிப்பவர் போல. இப்போது ரத்தம் வருகிறதா என்று கேட்டார். நேற்றுத் துளி பட்டது, இன்னும் இரண்டு மாதம் படலாம், எதனால் என்று எனக்கும் தெரியும் என் டாக்டருக்கும் தெரியும் என்றாள். தூக்கக் கலக்கம்? இல்லை. காலையில் எத்தனை மணிக்கு விழித்தாய்? நான்கு மணிக்கு, பழக்க தோஷம், ஓட்ட வண்டிதான் இல்லை என்றாள்.

அவர் தட்டச்சான உத்தரவை எடுத்துக் குறுக்கே ஒரே கோடு போட்டார். அடியில் ‘தகுதி உண்டு’ என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். நானும் அப்படியே குறித்துக்கொண்டேன். அந்த ஒரு வரி மட்டும் கோணல்.

ஆனால் அறுபது நாள் ஸ்டீயரிங் தொடாதவர் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று இன்னொரு விதி. சோதிப்பவர் பணிமனை மேஸ்திரி. ஆமாம், அவரேதான். மத்தியானம் டிப்போ முற்றத்தில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஓட்டுநர் இருக்கையை அவளுக்குச் சாவகாசமாகக் காட்டினார். சுருள் புதுசு, வேணும்னா அண்ணியைக் கூப்பிட்டு அமுக்கிப் பார்க்கச் சொல்லு என்றார். பணிமனை ஆட்கள் கையில் ஸ்பானரோடு வந்து நின்றுவிட்டார்கள். கண்டக்டர்கள் ஓய்வறை ஜன்னலில் ஐந்தாறு தலை.

சோதனை இது. வண்டியை முற்றம் சுற்றி ஓட்டிவந்து, இரண்டு பேருந்துகளுக்கு நடுவிலிருக்கும் ஒன்பதாம் கொட்டிலுக்குள் பின்னோக்கிச் செருக வேண்டும். இரண்டு பக்கமும் ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. மூன்று முயற்சி அனுமதி. அவள் சுற்றி வந்தாள். நிறுத்தினாள். இடது கண்ணாடி, வலது கண்ணாடி. பிறகு வண்டி ஊசிக்குள் நூல் போவது போல் பின்னால் போயிற்று, ஒரே தடவையில், பிரேக் விளக்கு ஒரே ஒரு முறை எரிந்து அணைந்தது. மேஸ்திரி இறங்கிப் போய் இரண்டு பக்க இடைவெளியையும் டேப்பால் அளந்தார். இந்தப் பக்கம் இருபத்தொன்பது சென்டிமீட்டர். அந்தப் பக்கமும் இருபத்தொன்பது. மறுபடி அளந்தார். டேப் சரியா இருக்கா மேஸ்திரி என்று யாரோ ஜன்னலிலிருந்து கேட்டார்கள். கைதட்டல் ஓய்வறையில் ஆரம்பித்துப் பணிமனை வரைக்கும் போயிற்று. மேஸ்திரி தாளில் கையெழுத்துப் போட்டு, தானே படிக்கட்டில் ஏறி அவள் கையில் கொடுத்தார்.

மறுநாள் காலை மருத்துவ அலுவலர் என்னைக் கூப்பிட்டார். கழகத்தின் பத்தொன்பது டிப்போவுக்கும் ஒரு சுற்றறிக்கை போக வேண்டும், நீங்கள் எழுதுங்கள், நான் திருத்துகிறேன் என்றார். நான் எழுதினேன். டாக்டர் தந்த எந்த மருந்தையும் பன்னிரண்டு மணி நேர விதிக்காக யாரும் தானாக விடக் கூடாது; விதியும் மருந்தும் மோதினால் டாக்டரிடமும் மருத்துவ அலுவலரிடமும் சொல்ல வேண்டும்; சொன்னதற்காக யாருடைய டூட்டியும் குறைக்கப்படாது. மாதவிலக்கு நின்ற பின் கருப்பையிலிருந்து ரத்தம் வந்தால், ஹார்மோன் மருந்து எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், மறைக்காமல் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அதற்கு விடுப்பு உண்டு.

மேலாளர் படித்துவிட்டு, ‘கருப்பை’ ‘ரத்தம்’ என்றெல்லாம் அறிவிப்புப் பலகையில் எப்படி ஒட்டுவது, ‘பெண்களுக்கான உடல்நலக் குறைவு’ என்று மாற்றிவிடலாமே என்றார். மருத்துவ அலுவலர் என்னைப் பார்த்தார். கண்டக்டர் எழுதிய அந்தத் தாளை நான் கோப்பிலிருந்து எடுத்து வைத்தேன். ‘ஓட்டுநருக்கு உடல்நலக் குறைவு.’ அதைப் படித்து யாருக்காவது ஏதாவது புரிந்ததா சார் என்று மட்டும் கேட்டேன். இருக்கட்டும், அப்படியே போகட்டும் என்றார் மருத்துவ அலுவலர். அவர் செய்த திருத்தம் ஒன்றே ஒன்று: ‘சொல்ல வேண்டும்’ என்று நான் எழுதிய இடத்தில் ‘தயங்காமல் சொல்லலாம்’ என்று போட்டார். என் வாக்கியத்தைவிட அது நன்றாக இருந்தது.

பத்தொன்பது பிரதி எடுத்தேன். மடிப்பு ஒன்றாக இருக்க அளவுகோல் வைத்து மடித்தேன். உறைகளில் விலாசம் எழுதி, பசை தடவி ஒட்டி, மேலே டிப்போ முத்திரை குத்தினேன். எல்லாவற்றையும் தபால் பைக்குள் போட்டு, வாயைச் சுருக்கிட்டுக் கட்டி, முற்றத்துக்கு எடுத்துப் போனேன். தலைமை அலுவலகத்துக்குப் போகும் வண்டி கிளம்பத் தயாராக நின்றது. பையை உள்ளே நீட்டினேன். நாத்தனார் வாங்கித் தன் இருக்கைக்குப் பின்னால் வைத்தாள். நேரம் ஒன்று பத்து. கண்டக்டர் விசிலடித்தார், வண்டி கேட்டைத் தாண்டிப் போயிற்று.